எப்போது சூடு, எங்கே குளிர்

பொறியியல் கல்லூரித் தேர்வுகளில் ஹீட் பம்ப் பற்றிய கேள்வி பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வரும். வெளிக்காற்று 30 டிகிரி, வெந்நீர் 55 டிகிரி, அதிகபட்ச சி.ஓ.பி. எவ்வளவு? மாணவர் இரண்டையும் கெல்வினுக்கு மாற்றுவார், 328-ஐ 25-ஆல் வகுப்பார், 13 என்று எழுதுவார், மதிப்பெண் வாங்கிவிடுவார். கணக்கில் பிழை இல்லை. ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பதின்மூன்று யூனிட் வெப்பம் என்ற அந்த எல்லையை எந்த இயந்திரமும் தொட்டதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அந்த 30, 55 என்ற இரண்டு எண்களையும் கட்டட உரிமையாளர் யாரும் தாளில் எழுதிக் கொடுப்பதில்லை. எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு சூடு என்பதை யாரும் சொல்வதில்லை. "முப்பது ரூம், வெந்நீர் வேணும், கரண்ட் பில் குறையணும்" என்பார்கள். அதிலிருந்து கேள்வியை எழுதிக்கொள்வதுதான் டிசைனரின் முதல் வேலை. அதைத்தான் நான் சொல்லிக்கொடுக்க முயல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பள்ளிப்பட்டு. சென்னையில் ஏ.சி. கன்சல்டன்டாகக் காலம் தள்ளிவிட்டு ஊர் திரும்பியவன். மெக்கானிக்கல் படித்த பிள்ளைகள் இங்கே வந்து என்னோடு சில மாதங்கள் வேலை பார்க்கிறார்கள். திருத்தணி, பொதட்டூர்பேட்டையிலிருந்து வருவார்கள். எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூரிலிருந்தும் வருவார்கள். 1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊர்களெல்லாம் ஒரே சித்தூர் மாவட்டம்தானே. வகுப்பில் பாதி தெலுங்கு ஓடும், பாதி தமிழ் ஓடும். கம்ப்ரஸருக்கு இரண்டிலும் கம்ப்ரஸர்தான்.

வருகிற எல்லோரும் முதலில் கேட்பது இதுதான்: "சார், தமிழ்நாட்டிலேயே வெயிலுக்குப் பேர்போன ஊர் நம்ம திருத்தணி. இங்க எதுக்கு ஹீட் பம்ப்?" நியாயமான கேள்வி. மே மாதத்தில் வானிலை அறிக்கையில் நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்களின் பட்டியலைப் பார்த்தால் திருத்தணி அதில் தவறாமல் இருக்கும். 40 செல்சியஸைத் தாண்டிய நாட்களில் நகரி மலைப்பக்கமிருந்து அடிக்கும் காற்று முகத்தைச் சுடும். ஐரோப்பாவில் வீட்டைச் சூடாக்க வாங்கும் இயந்திரத்தை இங்கே எதற்கு வாங்க வேண்டும்?

பதில் சுவரிலேயே மாட்டியிருக்கிறது. நம் ஏ.சி. ஒவ்வொன்றும் ஹீட் பம்ப்தான். அறையிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. ஒன்றரை டன் ஏ.சி. முழு வீச்சில் ஓடினால் அறையிலிருந்து 5.3 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும். கம்ப்ரஸர் தின்னும் மின்சாரமும் வெப்பமாகிச் சேர, வெளியே ஏறக்குறைய 6.8 கிலோவாட் போகும். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்து ஓட்டலில் பாத்திரம் கழுவ வெந்நீர் வேண்டும் என்று கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். மாடியில் ஒருவர் காசு கொடுத்து வெப்பத்தை வெளியேற்றுகிறார், கீழே ஒருவர் காசு கொடுத்து வெப்பத்தை உண்டாக்குகிறார். இருவரும் ஒரே மின்வாரிய இணைப்பில் இருக்கக்கூடும். குளிரும் சூடும் ஒரே கூரையின் கீழ் தேவைப்படும் இடமெல்லாம் ஹீட் பம்ப்புக்கு உரிய இடம். வெயில் ஊரில் அப்படிப்பட்ட இடங்கள்தான் அதிகம்.

இந்த யோசனை புதிதல்ல. 1852-இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் லார்ட் கெல்வின் ஆனவர், கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்தலாம் என்று கட்டுரை எழுதினார். எரிபொருளை நேரடியாக எரித்துச் சூடு பெறுவதைவிட, அந்த ஆற்றலால் ஒரு இயந்திரத்தை ஓட்டி வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இறைத்தால் அதிகச் சூடு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கட்டடத்தில் அது ஊன்றிக்கொள்ள நீண்ட காலம் பிடித்தது. 1938-இல் சூரிச் நகர மன்றத்தில் நிறுவப்பட்ட ஹீட் பம்ப் அந்தக் காலத்துப் பெரிய முன்மாதிரி. பக்கத்தில் ஓடும் லிம்மாட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பத்தை எடுத்து மன்றத்தைச் சூடாக்கியது.

சூரிச் கதையைச் சொன்னவுடன் பிள்ளைகளைக் கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போவேன். வருடத்தின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்துவிட்டால் தரைப்பாலம் மூழ்கி, அக்கரைக் கிராமங்களுக்குப் போக்குவரத்து நின்றுவிடும். இந்த ஆற்றை நம்பி வெப்பம் எடுக்க முடியுமா? முடியாது. அப்படியானால் நமக்கு எது? காற்று இருக்கிறது, போர்வெல் தண்ணீர் இருக்கிறது, பிறர் வெளியே கொட்டும் வெப்பம் இருக்கிறது. சூரிச்சில் வேலை செய்த டிசைனை இங்கே நகல் எடுக்கக் கூடாது, அங்கே அவர்கள் யோசித்த விதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு மணி நேர வகுப்பைவிட அந்த வறண்ட மணல் நன்றாகப் புரியவைக்கும்.

பயிற்சியின் முதல் வாரத்தில் யாருக்கும் கேட்டலாக் தருவதில்லை. கேட்டலாக் கையில் வந்துவிட்டால் கண் மாடல் நம்பரைத் தேடும், கட்டடத்தைப் பார்க்காது. ஒரு தெர்மாமீட்டர், ஒரு வாளி, ஒரு கடிகாரம், கோடு போட்ட நோட்டு, இவ்வளவுதான். திருத்தணியில் கோயில் பக்தர்களை நம்பி நடக்கும் லாட்ஜ் ஒன்றில் தங்கச் சொல்வேன். எத்தனை மணிக்கு எந்தக் குழாய் திறக்கிறது, எத்தனை வாளி, என்ன சூடு. அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து எழுத வேண்டும். பொறியியல் பட்டம் வாங்கியவருக்கு இது முதலில் அவமானமாக இருக்கும். இரண்டாம் நாள் வாட்ச்மேனோடு பேச ஆரம்பித்துவிடுவார்.

வாட்ச்மேன் ஒருவர் என் மாணவியிடம் சொன்னது: "ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் அதிகம்தாம்மா. ஆனா வெந்நீர் கேக்க மாட்டாங்க, அப்ப வெயில் இருக்குமே. டிசம்பர் முப்பத்தொண்ணு ராத்திரிதான் எங்களுக்குத் தலைவலி. பன்னண்டு மணி தரிசனத்துக்குப் போறவங்க பத்து மணிக்குள்ள குளிச்சிடுவாங்க. விடியக்காலைல மலையேறுறவங்க மூணு மணிக்கு ஆரம்பிப்பாங்க. நடுவுல கொஞ்சம் மூச்சு விடலாம்."

டிசைனுக்கு வேண்டியது அத்தனையும் இதில் இருக்கிறது. திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளுக்கும் பூசை நடக்கும் திருப்படித் திருவிழா டிசம்பர் 31 அன்று. வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம் என்பார்கள். படிக்கு ஒரு திருப்புகழ் பாடியபடி ஏறுகிறார்கள். அன்றிரவு லாட்ஜில் ஓர் அறை காலியாக இருக்காது. ஆண்டின் குளிர்ந்த நாட்களில் ஒன்று அது. தண்ணீரும் குளிர்ந்திருக்கும், காற்றும் குளிர்ந்திருக்கும், ஆளும் நிறைந்திருக்கும். வெந்நீர் டிசைனுக்கு இதைவிடக் கடினமான நாள் கிடையாது. இந்தத் தேதி எந்தக் கையேட்டிலும் இருக்காது.

கணக்கை அங்கிருந்து தொடங்குவோம். 30 அறை, அறைக்கு மூன்று பேர், 90 பேர். ஓர் ஆள் 25 லிட்டர் குளிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குளிக்கிற தண்ணீர் 40 டிகிரி. அதற்கு மேல் யாரும் தலையில் ஊற்றிக்கொள்வதில்லை. டேங்கில் மார்கழித் தண்ணீர் 24 டிகிரி. ஆக 2,250 லிட்டரை 16 டிகிரி ஏற்ற வேண்டும். இதற்கு 42 கிலோவாட் மணி வெப்பம் வேண்டும். டேங்கில் 55 டிகிரியில் சேமித்துக் குளிர்ந்த நீரோடு கலந்தால் சுமார் 1,160 லிட்டர் போதும். டேங்கின் அடிப்பகுதியில் தண்ணீர் ஆறிப்போவதால் அதன் முழுக் கொள்ளளவும் பயன்படாது. அதையும் சேர்த்து 1,500 லிட்டர் டேங்க்.

இப்போது இயந்திரம். பத்தரை மணிக்கு முதல் அலை ஓய்கிறது, மூன்று மணிக்கு இரண்டாவது அலை எழுகிறது. நடுவில் நாலரை மணி நேரம். 42-ஐ நாலரையால் வகுத்தால் 9.3 கிலோவாட். குழாயில் இழப்பது, டேங்கில் இழப்பது, கொஞ்சம் கையிருப்பு எல்லாம் சேர்த்து 12 கிலோவாட் வெப்பம் தரும் இயந்திரம் போதும். அன்றிரவு காற்று 18 டிகிரி என்றால் இயந்திரத்துக்குள் சுற்றும் ரெஃப்ரிஜெரன்ட் 10 டிகிரியில் கொதித்து 60 டிகிரியில் திரவமாகும். தேர்வில் கேட்கும் அந்த அதிகபட்ச சி.ஓ.பி., அதாவது கார்னோ எல்லை, 6.7 வரும். நல்ல இயந்திரம் அதில் பாதியைத் தரும், 3.3 என்று வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் 3.6 கிலோவாட்.

அதே லாட்ஜில் அறைக்கொரு 2 கிலோவாட் கீசர் மாட்டினால் 60 கிலோவாட். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்று பாதியாகக் குறைத்தாலும் 30. அதற்கேற்ற கேபிள், அதற்கேற்ற ஜெனரேட்டர், அதற்கேற்ற மின் இணைப்புக் கட்டணம். 15 லிட்டர் கீசரில் ஒருவர் குளித்து முடித்தால் அடுத்தவருக்குத் தண்ணீர் சூடாக இருபது நிமிடம் ஆகும். மூன்றாமவர் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்.

முப்பதுக்கும் மூன்றரைக்கும் உள்ள இந்த இடைவெளியில் சி.ஓ.பி.யின் பங்கு மூன்றில் ஒன்றாகக் குறைப்பது மட்டும்தான். மிச்சத்தைச் செய்தது டேங்க், அதாவது நேரம். வாட்ச்மேன் சொன்ன "நடுவுல கொஞ்சம் மூச்சு" தெரியாமல் இருந்திருந்தால் பயத்தில் மூன்று மடங்கு பெரிய இயந்திரம் வாங்கியிருப்பார்கள். ஆண்டு முழுவதும் அது ஐந்து நிமிடம் ஓடி, ஐந்து நிமிடம் நின்று, கம்ப்ரஸரைத் தேய்த்திருக்கும். ஹீட் பம்ப் டிசைனில் இயந்திரத்தை வாங்குவது கடைசி வேலை. அதற்கு முன் அந்தக் கட்டடத்தின் ஒரு நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் சொல்லிக்கொடுப்பதில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

அதனால் இரண்டாம் வாரத்தில் நோட்டில் ஒரு படம் வரையவைக்கிறேன். படுக்கைக் கோட்டில் 24 மணி. கோட்டுக்கு மேலே சூடு எவ்வளவு வேண்டும், கீழே குளிர் எவ்வளவு வேண்டும். லாட்ஜ், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, விடுதி, பால் குளிரூட்டும் நிலையம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். முகூர்த்த நாளில் மண்டபத்துச் சமையலறை நள்ளிரவில் விழித்துவிடும், ஹால் ஏ.சி. காலை ஆறுக்குத்தான் தொடங்கும். ஆஸ்பத்திரியில் இரண்டும் நாள் முழுக்க. பால் நிலையம் எல்லாவற்றையும்விட அழகு. பாலை 4 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும், பாஸ்சுரைஸ் செய்ய 72 டிகிரிக்கு ஏற்றவும் வேண்டும், கழுவ வெந்நீரும் வேண்டும். மேலும் கீழும் ஒரே நேரத்தில் உயர்கிற படம் அது. அங்கே ஒரே கம்ப்ரஸர் இரண்டு பக்கமும் சம்பாதிக்கும். மேல் கோடும் கீழ்க் கோடும் வெவ்வேறு நேரத்தில் உயர்ந்தால் நடுவே டேங்க் வேண்டும். எவ்வளவு பெரிய டேங்க் என்பதைப் படமே சொல்லிவிடும்.

குளிரூட்டும் துறையின் பழைய அளவு ஒன்றிலும் இந்த 24 மணி இருக்கிறது. ஒரு டன் குளிர் என்றால் 2,000 பவுண்டு பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகும்போது இழுக்கும் வெப்பம், 3.517 கிலோவாட். ஃப்ரெடரிக் டியூடரின் பனிக்கட்டி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த காலத்தில், சென்னையில் அதைப் பத்திரப்படுத்த 1842-இல் கட்டியதுதான் கடற்கரை ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனால் இப்போது டன் என்றால் நூறு சதுர அடிக்கு ஒன்று என்ற மனக்கணக்குதான் நிற்கிறது. மேற்குச் சுவரா, மேல்மாடியா, கூரைக்கு மேல் வெள்ளைப் பூச்சு உண்டா, மத்தியானம் ஆள் இருப்பார்களா என்று யாரும் கேட்பதில்லை.

இங்கே இன்னொரு பாடம். ஒரு கட்டடத்துக்கு டிசைன் நாள் ஒன்று அல்ல, இரண்டு. வெந்நீருக்கு மார்கழி விடியல், குளிருக்கு அக்னி நட்சத்திரத்து மத்தியானம். மே மாதத்தில் ஓவர்ஹெட் டேங்க் தண்ணீர் தானே கையைச் சுடும். அன்றைக்கு வெந்நீர் இயந்திரத்துக்கு விடுமுறை. டிசைனுக்கான வெப்பநிலை அட்டவணைகளை இஷ்ரே என்ற அமைப்பு தொகுத்துத் தருகிறது. 1981-இல் தொடங்கிய இந்திய ஏ.சி. பொறியாளர் சங்கம் அது. அதில் நமக்கு அருகில் இருக்கும் பெரிய ஊர் சென்னை. அந்த எண்ணை அப்படியே பள்ளிப்பட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா? சென்னையில் மத்தியானம் கடல்காற்று வந்து வெப்பத்தைத் தணித்துவிடும். இங்கே கடல்காற்று வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பகல் உச்சம் இங்கே கூடுதல், ஆனால் காற்றில் ஈரம் குறைவு. எனவே இயந்திரம் வேறு விதமாகத் திணறும். மொட்டை மாடியில் கண்டென்சருக்குள் நுழையும் காற்று வானிலை அறிக்கை சொல்வதைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். இதைப் பேசிப் பயனில்லை. மே மாதத்து இரண்டு மணிக்குத் தெர்மாமீட்டரோடு மாடிக்கு அனுப்பிவிடுவேன்.

இயந்திரத்தை எங்கே வைப்பது என்பதும் டிசைன்தான். காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் குளிர்ந்த காற்றை வெளியே தள்ளும். மழையில் நனையக் கூடாது என்று மாடிப்படி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தான் தள்ளிய குளிர்காற்றையே மறுபடி உறிஞ்சிக்கொண்டு, மணிக்கு மணி பலவீனமாகி நிற்கும் அது. அதே இயந்திரத்தைச் சமையலறைச் சுவருக்கு வெளியே வைத்து, அந்தக் குளிர்காற்றை டக்ட் வழியாகத் தோசைக்கல் பக்கம் திருப்பிவிட்டால் மாஸ்டருக்குச் சௌகரியம். அடுப்படியின் சூடான காற்றை உறிஞ்சக் கொடுத்தால் இயந்திரத்துக்கும் சௌகரியம், எண்ணெய்ப் பிசுக்கு காயிலில் படியாமல் ஃபில்டர் போட்டு வாராவாரம் கழுவினால் போதும். அந்தக் கழுவலை யார் செய்வார் என்று டிராயிங்கிலேயே எழுதவைக்கிறேன். பெயர் எழுத ஆளில்லை என்றால் அந்த டிசைன் வேண்டாம்.

வெந்நீர் எத்தனை டிகிரியில் சேமிப்பது? இதில் மூன்று பேர் மூன்று பக்கம் இழுப்பார்கள். உரிமையாளர் 65 கேட்பார், சூடு அதிகம் என்றால் தரம் அதிகம் என்று நினைப்பு. கம்ப்ரஸர் 50 கேட்கும். ஏற்றும் டிகிரி ஒவ்வொன்றுக்கும் மின்செலவு இரண்டு மூன்று சதவீதம் கூடும். மூன்றாவது ஆள் கண்ணுக்குத் தெரியாதவர், லெஜியோனெல்லா என்ற கிருமி. வெதுவெதுப்பான, தேங்கிய நீரில் பெருகி, ஷவரின் நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போகக்கூடியது. 60 டிகிரியில் சாகும். இதோடு நம் ஊர்ப் போர்த் தண்ணீரின் உப்பு வேறு. சூடு கூடக் கூட ஹீட் எக்ஸ்சேஞ்சர் தகடுகளில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். இந்த நான்கையும் சமாளிக்க ஒரே எண் கிடையாது, ஒரு கால அட்டவணை உண்டு. நாள்தோறும் 55, வாரத்துக்கு ஒருமுறை யாரும் குளிக்காத நேரத்தில் 60-க்கு மேல் ஏற்றிக் குழாய் முழுவதும் ஓடவிடுவது, முன்னால் ஒரு சாஃப்ட்னர். ஆஸ்பத்திரி என்றால் அட்டவணையே வேறு, அங்கே பலவீனமானவர்கள் இருக்கிறார்கள், 60-க்குக் கீழே சேமிக்கவே கூடாது.

குழாயைப் பற்றிக் கல்லூரியில் உராய்வு இழப்பு சொல்லித் தந்திருப்பார்கள். காத்திருக்கும் நேரத்தைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். 25 மில்லிமீட்டர் குழாய் 20 மீட்டர் போனால் அதற்குள் ஏறக்குறைய 10 லிட்டர் தண்ணீர் நிற்கும். கடைசி அறைக்காரர் குழாயைத் திறந்தால் ஆறிப்போன அந்த அரை வாளி வடிந்த பிறகுதான் வெந்நீர் வரும். தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும் ஊரில் இது சிறிய விஷயம் அல்ல. சுற்றுக்குழாய் போட்டுச் சிறிய பம்ப்பால் சுழலவிட்டால் உடனே வரும். ஆனால் நாள் முழுக்கச் சுழன்றால் குழாயே வெப்பத்தைத் தின்றுவிடும். ஆகவே மறுபடி கடிகாரம்: பம்ப் மூன்று மணிக்கு ஓடட்டும், ஒன்பதுக்கு நிற்கட்டும்.

டேங்க்குக்குள் நடப்பதைக் காட்ட ஒரு பெரிய கண்ணாடி ஜாடி வைத்திருக்கிறேன். அதில் பச்சைத் தண்ணீர். மேலே மெதுவாக வெந்நீரில் கலந்த சிவப்பு மையை ஊற்றுவேன். சிவப்பு மேலேயே நிற்கும், கீழே தெளிவாக இருக்கும். அடியிலிருந்து ஒரு குழாய் வழியாகத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் ஒரு நொடியில் ஜாடி முழுக்க ரோஸ் நிறம். 55 டிகிரியும் 24 டிகிரியும் கலந்து எதற்கும் உதவாத வெதுவெதுப்பு ஆகிவிட்டது என்று அர்த்தம். வெப்பம் ஒரு கலோரிகூடக் குறையவில்லை, ஆனால் குளிக்க உதவாது. உயரமான டேங்க் ஏன், அடிக்குழாய் வாயை ஏன் அகலமாக வைக்க வேண்டும், சென்சார் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று அதன்பிறகு யாரும் கேட்பதில்லை. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி பற்றிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள் அதை அந்த ஜாடியில்தான் முதல்முறை பார்க்கிறார்கள்.

ரெஃப்ரிஜெரன்ட் பாடம் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே வருகிறது. ஆர்-22 ஓசோனைத் தின்றது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ ஓசோனை விட்டது, ஆனால் புவி வெப்பமாதலில் கார்பன் டை ஆக்சைடைப் போல 2,088 மடங்கு. இப்போது பரவியிருக்கும் ஆர்-32 அளவு 675. 2016-இல் கிகாலியில் போட்ட உடன்பாட்டை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற வாயுக்களின் பயன்பாட்டை 2028-இல் மேலும் உயராமல் நிறுத்திப் பிடித்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். இன்று 22 வயதில் என்னிடம் கற்பவர் அந்த ஆண்டிலும் வேலையில் இருப்பார். அதனால் புரொப்பேனையும் கார்பன் டை ஆக்சைடையும் இப்போதே பழக்கவேண்டியிருக்கிறது. புரொப்பேன், ஆர்-290, வெந்நீருக்கு அருமையான வாயு. ஆனால் சமையல் கேஸைப் போல எரியும், காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும். இயந்திரம் வெளியே, வெட்டவெளியில் இருக்கட்டும், உள்ளே தண்ணீர் மட்டும் போகட்டும். பக்கத்தில் சாக்கடை மூடியோ ஸ்விட்ச் பெட்டியோ கூடாது. கார்பன் டை ஆக்சைடு வேறு மாதிரி. நார்வேயின் குஸ்தாவ் லொரென்ட்சன் அதற்கு மறுவாழ்வு கொடுத்தார். ஜப்பானில் 2001 முதல் எகோக்யூட் என்ற பெயரில் வீடுகளுக்கு வெந்நீர் தருகிறது. அழுத்தம் நூறு பாரைத் தொடும். உள்ளே வரும் நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நன்றாக ஓடும். 28 டிகிரி நீரை ஒரே ஓட்டத்தில் 80-க்கு ஏற்றச் சொன்னால் மகிழ்ச்சியாகச் செய்யும். 50-ஐ 55 ஆக்கச் சொன்னால் சண்டித்தனம் செய்யும். டேங்கைக் கலங்கவிடக் கூடாது என்ற ஜாடிப் பாடம் இங்கே இன்னும் கடுமையாகிறது.

மத்திய அரசு 2019 மார்ச்சில் வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் சர்வீஸ் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவதை இலக்காக வைத்தது. நல்ல இலக்கு. ஆனால் மெக்கானிக்கும் டிசைனரும் தனித்தனி வகுப்பில் படித்தால் ஒருவர் தப்பை இன்னொருவர் தலையில் கட்டுவார். என் வகுப்பில் ஐ.டி.ஐ. படித்தவரும் பி.இ. படித்தவரும் ஜோடியாகத்தான் உட்கார்வார்கள். ஐ.டி.ஐ. பையன் கம்ப்ரஸரிலிருந்து கிளம்பும் டிஸ்சார்ஜ் குழாயையும் திரும்பி வரும் சக்ஷன் குழாயையும் கிளாம்ப் தெர்மாமீட்டரால் பிடித்து, கேஜைப் பார்த்து, "கேஸ் கம்மி" என்று சொல்லிவிடுவான். பி.இ. பெண் அதே எண்களை அழுத்தம் - என்தால்பி படத்தில் புள்ளி புள்ளியாக வைத்து, கேஸ் சரியாகத்தான் இருக்கிறது, தண்ணீர் ஓட்டம்தான் குறைவு என்பாள். வாதாடட்டும். தண்ணீர்க் குழாயின் ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பார்த்தால் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும். படத்தை மென்பொருள் ஒரு நொடியில் வரைந்துவிடும் என்றாலும் பென்சிலால் வரையச் சொல்கிறேன். கையால் வரைந்தவருக்குத்தான் எந்தப் புள்ளி நகர்ந்தால் எது கெடும் என்பது மனதில் நிற்கும்.

இயந்திரம் ஓடத் தொடங்கிய நாளில் பயிற்சி முடிவதில்லை. வெந்நீர்க் குழாயில் ஒரு ஹீட் மீட்டர், கம்ப்ரஸருக்குத் தனி மின் மீட்டர், இரண்டும் டிசைனிலேயே இருக்க வேண்டும். செலவைக் குறைக்கிறேன் என்று உரிமையாளர் முதலில் வெட்டுவது இவற்றைத்தான். விடக்கூடாது. வெப்பத்தை மின்சாரத்தால் வகுத்தால் அந்த மாதத்து உண்மையான சி.ஓ.பி. அது கேட்டலாக்கில் அச்சடித்ததைவிட எவ்வளவு குறைவு, ஏன் குறைவு என்று ஓர் ஆண்டு கழித்து ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். சான்றிதழ் என்று என்னிடம் எதுவும் இல்லை. அந்த ஒரு பக்கத்தைத்தான் வேலை கேட்டுப் போகிற இடத்தில் காட்டச் சொல்கிறேன்.

எங்கள் வட்டாரத்தில் அடுத்து செய்யவேண்டிய வேலை லாட்ஜில் இல்லை, தறிகளின் ஊரில் இருக்கிறது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டைப் பக்கம் லுங்கி நெய்யும் விசைத்தறிகளுக்கு நூல் சாயமேற வேண்டும். சாயத்தொட்டிக்கு 60, 80 டிகிரி வெந்நீர் வேண்டும். சின்னப் பட்டறைகளில் விறகுதான். சாயமேறியதும் அந்தச் சூடான தண்ணீர் அப்படியே வெளியே போகிறது. கொட்டுகிற நேரமும் அடுத்த தொட்டி நிரப்புகிற நேரமும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. நோட்டில் 24 மணிப் படம் வரையும்போதே பிள்ளைகளின் கண் அதில் நின்றுவிடும். ஹீட் பம்ப்புக்கு இதைவிட நல்ல இடம் ஏது என்று துள்ளுவார்கள்.

அங்கேதான் அவர்களை நிறுத்துகிறேன். வெளியே போகிற 60 டிகிரித் தண்ணீரையும் உள்ளே வருகிற 28 டிகிரித் தண்ணீரையும் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சரில் எதிரெதிரே ஓடவிட்டால், மின்சாரமே இல்லாமல் உள்ளே வரும் தண்ணீர் 50 வரை ஏறிவிடும். நூல் பிசிறும் சாயக் கசடும் அடைக்காதபடி கழுவக்கூடிய அகலக் குழாய் எக்ஸ்சேஞ்சராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 60 டிகிரித் தொட்டிக்கு மிச்சம் 10 டிகிரி, 80 டிகிரித் தொட்டிக்கு 30. அந்த மிச்சத்துக்கு மட்டும்தான் கம்ப்ரஸர் வேண்டும், இயந்திரம் பாதியாகிவிடும். பட்டறைக்காரர் கடன் வாங்கித்தான் இதைப் போடுவார். பாதி விலையில் முடிகிற வேலைக்கு முழு விலை இயந்திரத்தை எழுதிக்கொடுப்பவரை என்ஜினியர் என்று நான் சொல்வதில்லை, டீலர் என்பேன். எந்த வெப்பத்தை இறைக்க வேண்டும், எது தானே பாய்ந்துவிடும் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிறகு கேட்டலாக்கைக் கையில் கொடுக்கிறேன்.